அக்கரைச் செருந்தி

லுவாவுக்குக் கை சும்மா இருக்காது. சோறு கொதித்துக்கொண்டிருக்கும்போதே அடுப்படியை விட்டு வாசலுக்கு வருவாள். சுவரோரம் இருக்கும் குரோட்டன்ஸ் தொட்டியைப் படியோரத்துக்கு இழுப்பாள். நாலடி பின்னால் போய் நின்று பார்ப்பாள். உதட்டைப் பிதுக்கிவிட்டு மறுபடி சுவரோரத்துக்கே தள்ளுவாள். அதற்குள் சோறு அடிப்பிடித்திருக்கும். அந்தக் கால்வாயோர வீட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் அடிப்பிடித்த சோறு சாப்பிட்டவர் அவள் கணவர் தோவான். ஒரு நாளும் குறை சொன்னதில்லை. குறை சொல்வதற்குக்கூட அவசரப்படாத மனிதர்.

அந்தப் பக்கத்தில் தலைப்பிள்ளையை 'இரண்டாவது' என்றுதான் கூப்பிடுவார்கள். 'ஒன்று' என்று சொன்னால் பிள்ளை பிடிக்கும் ஆவிகளின் கண்ணில் பட்டுவிடுமாம். அந்தக் கணக்கில், நாலாவதாகப் பிறந்த தோவான் ஊருக்கு ஐந்து. அவரைக் கட்டிக்கொண்டு வந்ததால் லுவா ஊருக்கெல்லாம் அஞ்சண்ணி. எதிர்க்கரையில் இருந்த தோவானின் சிநேகிதன் பெயர் குவோய். ஆனால் அவன் அம்மாவைத் தவிர வேறு யாரும் அவனை அப்படிக் கூப்பிட்டதில்லை, எல்லோருக்கும் எட்டுதான்.

அவர்கள் இருந்த சோலாக் வட்டாரத்தில் பூமரம் வளர்ப்பது தொழில். லுவாவுக்கு அது வியாதி. விற்பதற்கு ஒரு செடி வைத்ததில்லை. எல்லாம் வீட்டு வாசலுக்கு, கண்ணுக்கு. கல்யாணமாகி வந்த வருஷமே மாமியார் வைத்திருந்த காகிதப்பூக் கொடியைத் தெற்கிலிருந்து வடக்குக்கு மாற்றினாள். பூமருது மூன்று இடம் பார்த்துவிட்டது. சரக்கொன்றை ஒரு தடவை இடம் மாறி, இரண்டாம் தடவை செத்தே போயிற்று. ராத்திரி படுத்தால் அவளுக்கு வாசல்தான் கண்ணில் நிற்கும். 'அந்தப் பூமருது அங்கே இருந்தால் மத்தியான வெயில் திண்டாட வைக்குமே' என்று புரளுவாள். விடிந்ததும் மண்வெட்டியோடு நிற்பாள். தோவான் பல் துலக்கிக்கொண்டே வந்து, "எங்க பிடிக்கணும்?" என்று மட்டும் கேட்பார். வேர்மண் உதிராமல் தூக்குவதில் அவருக்கு நல்ல பழக்கம் வந்துவிட்டது. அத்தனை தூக்கியிருக்கிறார்.

ஒரே ஒரு மரத்தை மட்டும் அவள் நெடுநாள் தொடவில்லை. மகள் தியெம் பிறந்த வருஷம் தோவான் வாசலுக்கு வலப்புறம் வைத்த செருந்தி. சந்திரக் கணக்கில் வரும் தெத் புத்தாண்டின் முதல் நாள் காலையில் வாசல் செருந்தி ஐந்து இதழ் விரித்து மஞ்சளாக நிற்க வேண்டும். நின்றால் அந்த வருஷம் அந்த வீட்டுக்கு நல்ல வருஷம். அதுவாகப் பூக்கட்டும் என்று விட்டால் அது தன் இஷ்டத்துக்குப் பூக்கும். அதனால் பன்னிரண்டாம் மாதத்தில் ஒரு நாள் பார்த்து, இலை முழுவதையும் ஒவ்வொன்றாகக் கையால் கிள்ளிவிடுவார்கள். இலை போன அதிர்ச்சியில் மொட்டு விழித்துக்கொள்ளும். எந்த நாள் கிள்ளுவது என்பதில்தான் சூட்சுமம். மொட்டு சிறிதாக இருந்தால் சீக்கிரம், பெரிதாக இருந்தால் தாமதம், குளிர்காற்று அடித்தால் வேறு கணக்கு. தோவான் தினமும் மரத்தடியில் போய் நின்று மொட்டைப் பார்ப்பார், திரும்பி வருவார், மறுநாளும் பார்ப்பார். அதைப் பார்த்துக்கொண்டிருப்பதே லுவாவுக்குப் பெரிய தண்டனை.

ஒரு வருஷம் அவர் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வின்லாங் போயிருந்தபோது, பொறுக்க முடியாமல் அவளே ஒரு மத்தியானத்தில் மரம் முழுவதையும் கிள்ளித் தீர்த்துவிட்டாள். புத்தாண்டுக்கு ஒரு வாரம் இருக்கையில் அடுப்புச் சாமி விண்ணுக்குக் கிளம்புவார், அந்த நாளுக்கும் முன்பே மரம் கொள்ளாமல் பூத்தது. புத்தாண்டு அன்று வாசலில் வெறும் குச்சிதான் நின்றது. அந்த வருஷம் பன்றிகள் எல்லாம் சீக்கில் போயின. மறு வருஷம் தோவான் பயந்து தாமதித்தார். குளிர் வேறு சேர்ந்துகொண்டது. ஊரெல்லாம் பண்டிகை முடித்து வேலைக்குப் போன பிறகு இது சாவகாசமாகப் பூத்தது. அந்த வருஷம் தியெமுக்கு வந்த நல்ல சம்பந்தம் தட்டிப்போயிற்று.

"இந்த மரத்துக்கும் நம்ம வீட்டுக்கும் ஆகல" என்றாள் லுவா.

"மரம் என்ன பண்ணும்? நாளைத் தப்பா எடுத்தது நாமதான" என்றார் தோவான்.

"அப்ப நான்தான் தப்புங்கிறீங்களா?"

தோவான் வாளியைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்கு நழுவிவிட்டார். எட்டு வீட்டில் அப்போது ஒரு செங்கடம்பு இருந்தது. சிவப்புச் சரம் சரமாகத் தொங்கும், சைகோன் பணக்காரர்கள் தேடி வந்து வாங்கும் மரம். அதைக் கொடுத்துச் செருந்தியை வாங்கிக்கொள்ள எட்டுக்குக் கசக்குமா? அவனிடம் வாசலுக்குச் செருந்தியே இல்லை. ஒரே நாளில் இரண்டு மரமும் படகில் கரை மாறின. தோவான்தான் இரண்டையும் தூக்கினார். "சரி" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் அன்றைக்குத் தொடங்கி, சாயங்காலமானால் படகை அவிழ்த்துக்கொண்டு அக்கரைக்குப் போய்விடுவார். அந்த மரத்துக்குத் தண்ணீர் விடுவதும், வருஷம் தவறாமல் நாள் பார்த்து இலை கிள்ளுவதும் அவர்தான். இருட்டினால்தான் திரும்புவார். லுவாவுக்கு அது உள்ளே சுருக்கென்று ஏறி உட்கார்ந்துகொண்டது. மரத்தைப் பார்க்கப் போகிறேன் என்பது ஒரு சாக்கு. இந்த மனுஷன் என் தொணதொணப்பிலிருந்து தப்பித்துக்கொள்ளத்தான் போகிறார் என்று முடிவு கட்டிவிட்டாள். ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டு அவர் 'ஆமாம்' என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

செங்கடம்பை முதலில் செருந்தி இருந்த குழியில் வைத்தாள். சரிப்படவில்லை. கேட் பக்கம் மாற்றினாள். கடைசியில் நேராகக் கால்வாய்க் கரையில் கொண்டுபோய் நட்டாள், எட்டு வீட்டுப் பக்கம் கண்ணிலேயே படக்கூடாது என்று. மரம் நன்றாகத் தழைத்து அவள் விருப்பப்படியே எல்லாவற்றையும் மறைத்தது. ஒன்பது வருஷம் அவள் அக்கரையில் கால் வைக்கவில்லை.

பத்தாம் மாதம் ஒரு மத்தியானம் கயிற்றுத் தூளியில் படுத்த தோவான் எழுந்திருக்கவில்லை. இதயம் நின்றுவிட்டது என்றார்கள். அவர் செய்ததிலேயே அவசரமான காரியம் அதுதான்.

வீட்டுத் தலைவர் போனால் மரங்களுக்கும் சொல்ல வேண்டும். வெள்ளைத் துணியைக் கீற்றாகக் கிழித்து, ஒவ்வொரு மரமாகப் போய், ஆள் போன விஷயத்தைச் சொல்லிக் கட்ட வேண்டும். சொல்லாவிட்டால் மரம் ஏங்கிக் காய்ந்துபோகும். லுவாவுக்கு அன்று அந்த வேலை கிடைத்தது பெரிய உதவி. உள்ளே பெண்கள் எல்லாம் அழ, அவள் வெளியே துணி கிழித்துக்கொண்டிருந்தாள். பூமருதுக்குக் கட்டினாள், காகிதப்பூவுக்குக் கட்டினாள், செங்கடம்புக்குக் கட்டினாள். தொட்டிக் குரோட்டன்ஸைக்கூட விடவில்லை. "அம்மா, போதும், உள்ள வந்து உக்காரு" என்று தியெம் கையைப் பிடித்து இழுத்தாள். உட்காரவில்லை. அழவும் இல்லை.

பன்னிரண்டாம் மாதம் பிறந்த பிறகு, காய்கறிப் படகு அக்கரை முடித்து லுவாவிடம் வந்தபோது எட்டின் மனைவி ஹான் அங்கிருந்து வெங்காயத்தாளை ஆய்ந்துகொண்டே கத்தினாள்.

"அஞ்சண்ணீ! எங்க செருந்தி இலையெல்லாம் சுருளுது. மொட்டு எறும்புத் தலை மாதிரி நிக்குது, பெருக்கவே மாட்டேங்குது. பையன் கல்யாணம் வேற அடுத்த மாசம்!"

லுவாவின் கையிலிருந்த பாகற்காய் படகிலேயே விழுந்தது. சொல்லவில்லையே! எல்லா மரத்துக்கும் சொன்னாள், அவர் கையால் வைத்த மரத்துக்குச் சொல்லவில்லையே.

அன்றைக்கு அவள் சோறே வைக்கவில்லை. தியெமுக்குப் போன் போட்டாள். கேன்தோவில் இருக்கும் மகள், "அம்மா, அப்பாதான தினம் தண்ணி விட்டாரு. இப்ப யாரும் விட்டிருக்க மாட்டாங்க. அவ்வளவுதான்" என்றாள்.

"உனக்கு ஒண்ணும் தெரியாது" என்று போனை வைத்தாள். வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். பூஜை மேடையில் தோவானின் படத்துக்கு முன்னால் இருந்த பழத்தட்டை இடப்புறம் வைத்தாள், வலப்புறம் வைத்தாள். அந்த மரமும் போனால் அவர் கைபட்டது என்று இந்தக் கால்வாயில் உயிரோடு ஒன்றுமே இருக்காது. சாயங்காலம் வரை பொறுத்தாள். பிறகு ஒரு கீற்று வெள்ளைத் துணியை இடுப்பில் செருகிக்கொண்டு படகை அவிழ்த்தாள்.

எட்டு வீட்டுப் படித்துறையிலிருந்து வாசலுக்குப் போகும் பாதையின் நட்டநடுவே ஓர் உடைந்த மழைநீர்த் தாழியைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். லுவா முழங்காலை இடித்துக்கொண்டாள்.

"பாத்து அண்ணி! எல்லார் காலையும் அது பதம் பாக்குது" என்றாள் ஹான்.

எட்டு விஷயத்தைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அண்ணி, நான் இன்னும் உசுரோட இருக்கேன்."

"யாரு இல்லன்னா?"

"வாசல் மரத்துல வெள்ளைத் துணி கட்டுனா என்ன அர்த்தம்? வீட்டுக்காரன் காலின்னு அர்த்தம். நான் மூணு வேளையும் திங்கிறேன், சாயங்காலம் ஒரு கிளாஸ் ஊத்திக்கிறேன். எனக்கு எதுக்கு இப்பவே துக்கம்?"

"மரத்தை வெச்சது அவருதான தம்பி."

"வெச்சது அண்ணன். வீட்டுக்காரன் நான். செங்கடம்பைக் குடுத்து மாத்திக்கிட்டோம்ல?"

"அது உனக்கும் எனக்கும் தெரியும். மரத்துக்கு யாரு சொன்னா? ஒன்பது வருசமா அதுக்கு இலை கிள்ளுனது யாரு? ஒரு வருசம், ஒரே ஒரு வருசம் நீ கிள்ளிருப்பியா?"

எட்டு தலையைச் சொறிந்தான். "அண்ணி, பையன் கல்யாணம். பொண்ணு வீட்டுக்காரங்க படகு நேரா அந்த மரத்துக்கு முன்னாலதான் வந்து நிக்கும். வெள்ளைத் துணியைப் பாத்தா திருப்பிக்கிட்டுப் போயிருவாங்க. வேற என்ன வேணா கேளுங்க. அந்தத் தொட்டிய மட்டும் விட்டுருங்க, அது அங்கதான் இருக்கணும்."

பேச்சு மும்முரத்தில் லுவா அவன் வீட்டு வெட்சித் தொட்டியைப் பாதி தூரம் நகர்த்தியிருந்தாள்.

வீட்டுக்கு வந்தாள். உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. எட்டின் மேல் கோபம், தன் மேல் அதைவிடக் கோபம். விடியும் நேரத்தில் மழைநீர்த் தாழியிலிருந்து இரண்டு வாளி மொண்டு படகில் வைத்தாள். கோடைக்குக் குடிக்கச் சேர்த்து வைத்த தண்ணீர். கால்வாயில் கடல் உப்பு ஏறத் தொடங்கியிருந்தது, அந்தத் தண்ணீரை ஊற்றினால் மரம் இன்னும் சீக்கிரம் போய்ச் சேரும்.

எட்டு வீட்டில் யாரும் எழுந்திருக்கவில்லை, குறட்டை மட்டும் வாசல் வரை வந்தது. ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அந்த மரத்தைக் கிட்டத்தில் பார்த்தாள். அடி தடித்திருந்தது. கிளைகள் அவர் வெட்டுகிற வழக்கப்படி கீழே அகலமும் மேலே ஒடுக்கமுமாக இருந்தன. இலைகள் ஓரம் கருகிச் சுருண்டிருந்தன. தண்ணீரைச் சுற்றிலும் ஊற்றினாள். துணியைக் கழுத்தளவில் ஒரு கிளையில் கட்டினாள். பிறகு சொல்ல வேண்டியதைச் சொல்ல வாயைத் திறந்தாள்.

"அவரு போயிட்டாரு. பத்தாம் மாசமே போயிட்டாரு. உனக்கு நான்தான் சொல்லல. நீ எதிர்பாத்துக்கிட்டு இருந்தியா? இனிமே வரமாட்டாரு."

இரண்டு மாதமாக எங்கேயோ நின்றிருந்த அழுகை அங்கே வந்தது. யார் வீட்டு மரத்தையோ பிடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு, யாரும் பார்க்கும் முன்பு படகில் ஏறிவிட்டாள்.

யாரும் பார்க்கவில்லைதான். ஆனால் துணியைப் பார்த்தார்கள். முதலில் பார்த்தவள் காய்கறிப் படகுக்காரி. அவள் கண்ணில் பட்ட பிறகு ஊருக்கு வேறு தண்டோரா வேண்டியதில்லை.

காலை வெயில் ஏறுவதற்குள் எட்டு வீட்டுப் படித்துறையில் படகு மேல் படகாக வந்து நின்றது. லுவா செங்கடம்பின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டி எட்டிப் பார்த்தாள், ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. ஊதுபத்திக் கட்டு, வாழைப்பழச் சீப்பு, கறுப்புச் சட்டை எல்லாம் இறங்குவது மட்டும் தெரிந்தது. என்ன நடந்திருக்கும் என்று ஒரு நொடியில் புரிந்துவிட்டது. மறுபடி படகை அவிழ்த்தாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது எட்டு அரைக்கால் சட்டையோடு வாசலில் நின்றிருந்தான், வாயில் பல் துலக்கிய நுரை. எதிரே கிழவர் ஒருவர் அவனையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எட்டா, நீ சாகலியா?"

"உங்களுக்கு நான் சாகணுமா தாத்தா?"

"அப்படியில்லப்பா. ஒத்தை மரத்துக்குத்தான் கட்டிருக்கு, மத்ததுக்குத் துணி பத்தல போலன்னு பேசிக்கிட்டாங்க. சரி, ஊதுபத்தி வாங்கிட்டு வந்துட்டேனே, இதை என்ன பண்றது?"

"இங்க குடுங்க, எங்க வீட்டுப் படத்துக்குக் கொளுத்துறேன்" என்றாள் லுவா. எட்டு அவளைத் திரும்பிப் பார்த்தான். யார் கட்டியது என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவன் வாயைத் திறப்பதற்குள் இன்னொரு படகு வந்து இடித்து நின்றது. சம்பந்தி. பக்கத்தில் கல்யாணப் பெண், சிவப்பு உடுப்பின் பொத்தானைக்கூட முழுதாகப் போடாமல். பின்னால் வெற்றிலைத் தட்டு, தோடு வைத்த பெட்டி. வீட்டில் துக்கம் தொடங்கிவிட்டால் மூன்று வருஷம் கல்யாணம் கிடையாது. அதனால் செத்தவரைச் சவப்பெட்டியில் வைக்கும் முன்பே கல்யாணத்தை ஓட்டமாக முடித்துவிடுவது அங்கே உண்டு. மனிதர் அதற்குத்தான் ஓடி வந்திருக்கிறார்.

"எங்க வெச்சிருக்கீங்க? பெட்டில வெச்சாச்சா?" என்று மூச்சு வாங்கிக் கேட்டுக்கொண்டே ஏறியவர், நுரை வாயோடு நின்ற எட்டைப் பார்த்து அப்படியே நின்றார். பெண் முதலில் சிரித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

எட்டுக்கு முகம் சிவந்துவிட்டது. "அண்ணீ! ஊரைக் கூட்டி என்னைப் பாடையில ஏத்திட்டீங்களே! என்ன கேட்டேன் நான்? ஒரு துணி கட்டாதீங்கன்னு கேட்டேன்!" மரத்திலிருந்து துணியைப் பிய்த்தெறியப் பாய்ந்தான். பாதை நடுவே தாழி நின்றது. அதில் இடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் குதித்தான்.

"இந்த எழவெடுத்த தாழிய முதல்ல கால்வாயில தூக்கிப் போடணும்!" என்று அதை இரண்டு கையாலும் பிடித்தான். பிடித்தவன் தூக்கவில்லை. அப்படியே குனிந்து நின்றான்.

"தூக்கிப் போடேன்" என்றாள் லுவா, அவளுக்கும் கோபம்தான். "எந்தப் புத்திசாலி நடுவழியில கொண்டாந்து வெப்பான்?"

ஹான்தான் சொன்னாள். "அது அஞ்சண்ணன் உக்கார்ற எடம், அண்ணி. முன்னெல்லாம் மரத்தடியிலதான் கெடந்துச்சு. நீங்க கரையில அந்தச் செங்கடம்பை நட்டீங்கல்ல? அதுக்கப்புறம் அவரே உருட்டிட்டு வந்து இங்க போட்டாரு. அங்கேர்ந்து பாத்தா மறைக்குதுன்னாரு."

"என்ன மறைக்குது?"

"உங்களைத்தான்."

லுவாவுக்குப் புரியவில்லை. எட்டு தாழியை விட்டுவிட்டு நிமிர்ந்தான். அவன் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"சாயங்காலம் மரத்துக்குத் தண்ணி ஊத்திட்டு இதுல வந்து உக்காந்துக்குவாரு. அங்க நீங்க வாசல்ல ஓடிக்கிட்டு இருப்பீங்க. 'டேய் எட்டு, இன்னைக்கு எதைப் புடுங்கப் போறா, சொல்லு'ம்பாரு. நான் பூமருதும்பேன். அவரு குரோட்டன்ஸும்பாரு. தோத்தவன் டீ போடணும்." வாயோரத்து நுரையைத் துடைத்துக்கொண்டான். "ஒன்பது வருசமா நான்தான் போட்டேன், அண்ணி. ஒரு தடவைகூட அவரு தோக்கல."

கறுப்புச் சட்டைக்காரர்கள், சம்பந்தி, கல்யாணப் பெண் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, லுவா அந்தத் தாழியின் மேல் உட்கார்ந்தாள். செங்கடம்பின் கிளை முடிகிற இடத்துக்கு அப்பால் அவள் வாசல் முழுவதும் தெரிந்தது. படி தெரிந்தது, தொட்டிகள் தெரிந்தன, பூமருது தெரிந்தது. வாசலுக்கு வலப்புறம் செருந்தி இருந்த இடம் வெற்றாகத் தெரிந்தது. ஒன்பது வருஷம் எல்லாவற்றையும் இடம் மாற்றியவள் அந்த இடத்தில் எதையும் நிலைக்க விடவில்லை என்பது அவளுக்கு இங்கே உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. தப்பித்துப் போகிறார் என்று நினைத்தாளே! அவள் எந்தத் தொட்டியில் கை வைப்பாள் என்று அவளுக்கே தெரியாதபோது அவருக்குத் தெரிந்திருக்கிறது. சந்தோஷமா, வயிற்றெரிச்சலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அந்த மனுஷன்?

அவள் உட்கார்ந்திருந்தது அதிக நேரம் இல்லை. செருந்தியைத் திரும்பிப் பார்த்தாள், துள்ளி எழுந்தாள், மரத்தடிக்குப் போய் ஒரு மொட்டை விரலில் பிடித்துப் பார்த்தாள்.

"அரிசி அளவுகூட இல்ல! ஊர்க்கணக்குக்குக் காத்திருந்தா இது பண்டிகைக்கு வராது. இன்னைக்கே கிள்ளணும். டேய் எட்டு, ஏணி எங்க?"

"அண்ணி, மறுபடியும் அவசரப்பட்டு..."

"மொட்டு சின்னதுன்னா சீக்கிரம் கிள்ளணும். அவரு சொல்லி நீ கேட்டதே இல்லையா?"

கேட்டிருந்தான். வாழ்நாளில் அந்த ஒரு தடவை அவள் அவசரம் சரியான அவசரம். துக்கத்துக்கு வந்தவர்கள் சும்மா திரும்புவானேன் என்று ஆளுக்கொரு கிளையைப் பிடித்துக்கொண்டார்கள். கல்யாணப் பெண் சிவப்பு உடுப்பைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினாள். சம்பந்தி வெற்றிலைத் தட்டைத் தாழியின் மேல் வைத்துவிட்டுத் துணியைக் காட்டிக் கேட்டார்.

"அப்ப இது அக்கரை அண்ணனுக்கா? அவருக்குன்னா எனக்கு ஒண்ணும் இல்ல. படகு எறங்குற பக்கமா மட்டும் வேணாம், பொண்ணோட அம்மா பயந்துருவா."

எட்டு துணியை அவிழ்த்தான். உள்ளே தண்டோடு ஒட்டிய ஒரு கவட்டில் அவனே கட்டினான். முடிச்சு சரியில்லை என்று லுவா அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

அதன்பிறகு தினமும் இரண்டு வாளி மழைநீர் கரை தாண்டியது. மரம் பிழைத்தது தண்ணீராலா, சொன்னதாலா என்று தியெம் போனில் கேட்டாள். உனக்கு ஒண்ணும் தெரியாது என்றாள் லுவா.

ஆனால் புத்தாண்டுக்கு முந்தின நாளோடு அந்தப் போக்குவரத்து நின்றது. துக்கம் சுமப்பவர்கள் பண்டிகை நாளில் அடுத்தவர் வாசலை மிதிக்கக் கூடாது. மிதித்தால் அந்த வீட்டுக்கு வருஷம் முழுவதும் ஆகாது, அதிலும் கல்யாணம் வைத்திருக்கும் வீடு. அவள் கடைசியாகப் பார்த்தபோது மொட்டுகள் பச்சைத் தோலுக்குள்ளேயே இருந்தன. முதல் மூன்று நாள் மண்ணைத் தோண்டுவதும் கிடையாது, வாசல் பெருக்குவதும் கிடையாது. லுவாவுக்கு இதைவிடக் கொடுமையான பண்டிகை வேறில்லை.

முதல் நாள் காலையில் தோவானின் படத்துக்கு முன்னால் வாழையிலையில் கட்டி வேகவைத்த ஒட்டரிசியையும், முட்டை போட்ட பன்றிக் கறியையும் வைத்தாள். சோறு அன்று அடிப்பிடிக்கவில்லை. தியெமும் மருமகனும் இரண்டாம் நாள்தான் வருவார்கள். ஊதுபத்தி எரிந்து முடியும்வரை நிற்கப் பொறுமை இல்லாமல் கரைக்கு ஓடினாள்.

செங்கடம்பு மறைத்தது. இடப்பக்கம் போனாள், எட்டு வீட்டுக் கூரைதான் தெரிந்தது. வலப்பக்கம் போனாள், சேற்றில் கால் போயிற்று. ஒரு கிளையைப் பிடித்து வளைத்தாள். இலைகளுக்கு நடுவே அக்கரையில் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. பூவா, எட்டு கட்டிவிட்ட காகித அலங்காரமா? கண்ணைச் சுருக்கினாள். கிளை கையை மீறித் திமிறியது.

அக்கரையில் எட்டு புதுச் சட்டையோடு வெளியே வந்தான். அந்த அசைவைப் பார்த்திருக்க வேண்டும். நேராகப் போய்ப் பாதை நடுவே இருந்த தாழியின் மேல் உட்கார்ந்தான். அதில் அவன் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. கையை வாயருகே குவித்துக்கொண்டு கத்தினான்.

"அஞ்சண்ணீ! பூத்துருச்சு! கீழ்க்கிளையெல்லாம் பூத்துருச்சு! மேல இன்னும் மொட்டுதான், நாளைக்கு வந்துரும்!"

"துணி?"

"இருக்கு! எடுக்கல!"

லுவா கிளையைப் பிடித்தபடியே நின்றாள். கால்வாயில் படகு ஒன்றுகூட இல்லாததால் அவன் குரல் மறுபடியும் தெளிவாக வந்தது. சிரிப்பும் இருந்தது, கொஞ்சம் உடைசலும் இருந்தது.

"இன்னைக்கு எதைப் புடுங்கப் போறீங்க, அண்ணி?"

அவள் முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"இன்னைக்கு மண்ணைத் தொடக் கூடாதுடா!" என்று கத்தினாள். "நாலாம் நாள் காலையில மண்வெட்டியோட வந்து சேரு. இந்தச் செங்கடம்பைத்தான். மறைக்குது."